மஞ்சள் பூ செடி: புதர் அலமண்டாவா, மஞ்சள் அரளியா?

வணக்கம் மக்களே. மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் பழைய எஸ்டேட் வீட்டுக்கு தீபாவளிக்கு அப்புறம்தான் குடி வந்தோம், முன்னாடி இருந்தவங்க வாசல்ல நட்டுட்டுப் போன மஞ்சள் பூ செடி ஒண்ணு இருக்கு. என்ன செடின்னு தெரிஞ்சே ஆகணும், ஏன்னா பேத்தி கைக்கு எட்டுறதெல்லாம் வாயில வைக்கிற வயசு, மஞ்சள் அரளின்னா கொட்டை, இலை, பால் எல்லாமே விஷம், இதயத்தையே பாதிக்கும்.

செடி நெஞ்சு உயரம், கொடியா படரல, புதரா நிக்குது. பூவுக்கு அஞ்சு இதழ், தொண்டைக்குள்ள செம்பழுப்பு கோடு. இலைய கிள்ளினா பால் வருது, அதனால டெக்கோமாங்கிற இன்னொரு மஞ்சள் பூ செடி இல்ல, அதுக்கு பால் கிடையாது, இலை ஓரமும் பல்லு பல்லா இருக்கும். இதுல அடிக்கிளையில ஒரே கணுவுல மூணு நாலு இலை சுத்தி வருது, நுனியில தனித்தனியா வர்ற மாதிரி தெரியுது, இலையும் ஒல்லி, அங்கதான் குழப்பம்.

கூகுள் லென்ஸ் ஒரு படத்துக்கு அலமண்டாங்குது, இன்னொண்ணுக்கு அரளிங்குது. பக்கத்து வீட்டு அக்கா அரளிதான்னு சாமிக்குப் பறிக்கிறாங்க, நர்சரி அண்ணன் புதர் அலமண்டான்னு சொல்றாரு. காய் இருந்தா சொல்லிடலாம், அலமண்டா காய் முள்ளு முள்ளா இருக்கும், அரளிக்காய் வழவழன்னு பச்சையா இருந்து பழுத்தா கறுக்கும், ஆனா நாங்க வந்ததுலேருந்து ஒரு காயும் விடல. படம் கீழ போட்டிருக்கேன்.

காய் இல்லாம, இலையையும் பூவையும் மட்டும் வச்சு இது ரெண்டுல எதுன்னு எப்படி உறுதி பண்றது?