'கரீன்' (careen) என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கே சந்தித்தீர்கள்?

மண்டபத்திலிருந்து:
போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் ஆங்கில நாளிதழை நீட்டினார். "பஸ் கரீன் ஆனது என்று போட்டிருக்கிறார்கள். அகராதியில் கப்பலைச் சரிப்பது என்று இருக்கிறது. எது சரி, அண்ணே?" இரண்டும் சரிதான், மூத்தது கப்பல். லத்தீனில் 'கரீனா' என்றால் கப்பலின் அடிமரம். படகு கட்டும் நம் ஓடாவிமார் ஏரா என்கிறார்களே, அதுதான்.

வாயால் விளக்குவானேன் என்று அவரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் முட்டுக்கொடுத்து நிமிர்ந்து நின்றன. அவை கரீனை விளக்க உதவாது. சற்றுத் தள்ளி வத்தை என்ற நாட்டுப் படகு ஒன்றை ஒருக்களித்துக் கிடத்தியிருந்தார்கள். வானம் பார்த்த பக்கத்தில் ஒருவர் உளியால் சிப்பியைச் சுரண்ட, இன்னொருவர் பலகை இடுக்கில் நீர் புகாதபடி அடைக்கும் கலப்பற்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மணலில் புதைந்த மறுபக்கத்துக்கு, வத்தையைப் புரட்டிப்போட்ட பிறகுதான் வேலை. தம்பி உடனே படம் எடுத்துக்கொண்டார்.

கீழக்கரையிலிருந்து:
சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காற்று தள்ளிச் சாய்ந்தால் 'ஹீல்' என்போம். சரக்கு ஒதுங்கியோ தண்ணீர் புகுந்தோ சாய்ந்தால் 'லிஸ்ட்'. அடியைச் சுத்தம் செய்ய ஆட்களே வேண்டுமென்றே சாய்த்துக் கிடத்துவதுதான் கரீன். உலர்துறை இல்லாத இடங்களில் பாய்மரக் கப்பல்காரர்கள் கடல் பெருகும்போது கரையேற்றி, வற்றும்போது வேலையை முடிப்பார்கள். ஜேம்ஸ் குக்கின் எண்டவர் 1770இல் ஆஸ்திரேலியாவின் பவளப்பாரில் மோதியபோதும், ஓர் ஆற்று முகத்தில் கரையேற்றித்தான் ஓட்டையை அடைத்தார்கள். நம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், அந்த வித்தை பலிக்காது. ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது; இங்கே தோள்பலம்தான்.

தொண்டியிலிருந்து:
பஸ் விஷயத்துக்கு வருகிறேன், ஆங்கிலம் கற்பிப்பவள் என்ற உரிமையில். தறிகெட்டு ஓடுவதற்கு ஆங்கிலத்தில் 'கரியர்' (career) என்றொரு பழைய வினை உண்டு. உத்தியோக வாழ்க்கையைக் குறிக்கும் அதே எழுத்துகள்தான். ஓசை ஒத்துப்போனதால் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அந்த இடத்தில் கரீனைப் புழங்கத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் நடைக்காரர்கள் சிலர் இன்னும் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வெறும் வேகத்துக்கு அந்தச் சொல்லைச் செலவழிப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. வண்டி இப்படியும் அப்படியும் ஆடி, ஓட்டுநர் கைக்கு அடங்காமல் போயிருக்க வேண்டும்.

மண்டபத்து அண்ணன் அந்த நாளிதழ் வாக்கியத்தை முழுதாகப் போட முடியுமா? பஸ் என்னதான் செய்தது என்று பார்த்துவிடலாம்.