நுவரெலியா வீட்டுக்கு வானிலை காட்டும் சுவர் மணிக்கூடு, எதை வாங்கலாம்?

வணக்கம் உறவுகளே, அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, அதனால் நேரத்தையும் உள்ளே, வெளியே இருக்கும் வெப்பநிலையையும் பெரிய எழுத்தில் காட்டும் ஒரு சுவர் மணிக்கூடு தேடுகிறேன். ஜெர்மனியில் இருக்கும் சித்தப்பா, ரேடியோ அலையில் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் ஒன்றை அனுப்பவா என்று ஆசையாகக் கேட்கிறார். ஆனால் அது பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்திலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் டிசிஎஃப்77 என்ற ஜெர்மன் நேரச் சமிக்ஞையை நம்பி ஓடுவது, அந்தச் சமிக்ஞை சுமார் 2000 கிலோமீட்டர் வரைதான் எட்டும், இங்கே வராது. சரி, வைஃபையில் நேரம் எடுப்பதையே வாங்கலாம் என்று நினைக்கிறேன். அதிலும் நேர வலயத்தை முழு மணிக்கணக்கில் மட்டும் மாற்ற விடுகிற மாதிரிகள் இருக்கின்றன, நமக்கோ கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி கூட்டி வைக்க வேண்டும். கரண்ட் போனாலும் நேரம் அழியக் கூடாது.

அப்புறம் எனக்குப் பெரிய கவலை வெளியே வைக்கும் சென்சர்தான். எங்கள் வீடு பழைய கல் வீடு, சுவர் நல்ல தடிப்பு, அதைத் தாண்டி சமிக்ஞை உள்ளே வருமா? இந்த மூடுபனியிலும் ஈரத்திலும் எத்தனை மாதம் தாங்கும்? மழைக் குறி காட்டுவது காற்றழுத்த மாற்றத்தை வைத்து என்பதால், 1800 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் குறைவாக உள்ள நம்ம ஊரில் உயரத்தைப் பதிய வசதி உள்ளதுதான் நல்லது என்று படுகிறது.

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் யாராவது பாவிக்கிறீர்களா? எந்த மாதிரி, என்ன விலை, எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.