ஐ3-6100 செயலியை மாற்றுவதா, கணினியையே மாற்றுவதா?

வளர்மதி, பொங்கோல்:

அனைவருக்கும் வணக்கம். 2016இல் வாங்கிய மேசைக் கணினியை இன்னும் பயன்படுத்திவருகிறேன். எச்110 சிப்செட் (செயலியையும் மற்றப் பாகங்களையும் இணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு, இன்டெல் ஐ3-6100 செயலி, 16 ஜிபி ரேம், பின்னர் சேர்த்த எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. வீட்டிலிருந்தே நடத்தும் சிறு உணவு வியாபாரத்தின் கணக்குகளை இதில்தான் எழுதுகிறேன்; அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஐபோனில் எடுத்த சமையல் காணொளிகளைத் தொகுக்க உட்கார்ந்தால் படம் விட்டுவிட்டு ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரில் செயலி 100 விழுக்காட்டைத் தொட்டு அங்கேயே நிற்கிறது. எஸ்எஸ்டியோ ரேமோ பாதியைக்கூட எட்டுவதில்லை.

சிங்கப்பூரின் கணினிக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் விசாரித்தபோது, ஒரு கடையில் செயலியை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். மற்றொரு கடையில் முழுக் கணினியையும் மாற்றச் சொன்னார்கள். பழைய பொருள்களை விற்கும் கரோசல் தளத்தில் ஒருவர் பழைய ஐ7-6700ஐ 80 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொல்கிறார். ஐ5-8500 செயலியுள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்று 190 வெள்ளிக்கு இருக்கிறது. எது சரி என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ரவி, ரோச்சோர்:

செயலியை மாற்றலாம் என்பதே என் கருத்து. கணினி பழுதுபார்ப்பதே என் தொழில் என்பதால், இந்த மதர்போர்டுப் பலகையைப் பலமுறை கையாண்டிருக்கிறேன். செயலி உட்காரும் சாக்கெட் உங்களுடையதில் எல்ஜிஏ 1151 வகை. அதில் இன்டெலின் 6ஆம் தலைமுறைச் செயலிகள் (6100, 6700 என எண் 6இல் தொடங்குபவை) நேரடியாகவும், பலகையைத் தொடக்கி இயக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகு 7ஆம் தலைமுறைச் செயலிகளும் இயங்கும். ஐ3-6100இல் இருப்பவை 2 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), 4 த்ரெட்கள் (ஒரே நேரத்தில் கையாளும் வேலைகள்). ஐ7-6700இல் 4 கோர்கள், 8 த்ரெட்கள். மின்தேவை 51 வாட்டிலிருந்து 65 வாட்டாகத்தான் உயர்கிறது. ஆகவே பவர் சப்ளையை மாற்றும் தேவை பெரும்பாலும் எழாது.

ஆனால் இது பொதுவான விதிதான். உங்கள் பலகைக்கு எது பொருந்தும் என்பதை அதன் தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் உள்ள செயலிப் பட்டியல்தான் தீர்மானிக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, மெயின்போர்டு என்ற பகுதியில் பலகையின் முழுப்பெயரையும் பயாஸ் பதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு செயலிக்கும் நேராக, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படும் என்று எழுதியிருப்பார்கள். பட்டியலில் இல்லாத செயலியைக் கடைக்காரர் எவ்வளவு உறுதி சொன்னாலும் வாங்க வேண்டாம்.

அன்பரசன், ஈசூன்:

ரவி அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தச் சாக்கெட்டில் ஐ7 உட்காரும், இயங்கும், வேகமும் கூடும். ஆனாலும் அதற்குப் பணம் போடக்கூடாது என்றே சொல்வேன்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. தனிப் பயனாளர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டமும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். விண்டோஸ் 11ஐப் பொறுத்தவரை, இன்டெல் செயலிகளில் ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் ஏற்புப் பட்டியல் தொடங்குகிறது. ஐ7-6700க்கும் அதில் இடமில்லை, ஐ7-7700க்கும் இடமில்லை. வாடிக்கையாளரின் முகவரி, தொலைபேசி எண், பணம் செலுத்திய விவரம் ஆகிய அனைத்தும் உள்ள ஒரு வியாபாரக் கணினியைப் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாமல் இணையத்தில் விட்டுவைப்பது, வேகக் குறைவைக் காட்டிலும் பெரிய சிக்கல்.

8ஆம் தலைமுறையை அதே பலகையில் போடலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் அதையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். அதன் சாக்கெட்டுக்கும் 1151 என்றுதான் பெயர். செயலி பள்ளங்களோடு பொருந்தி உள்ளேயும் இறங்கிவிடும். ஆனால் 6 கோர் செயலிகளுக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்பட்டதால், முன்பு வெறுமனே விடப்பட்டிருந்த இணைப்புகள் சிலவற்றை இன்டெல் மின்சாரத்துக்கு ஒதுக்கிவிட்டது. 300 வரிசைச் சிப்செட் உள்ள பலகையில் மட்டுமே 8ஆம் தலைமுறைச் செயலிகள் இயங்கும். பழைய பலகைகளைத் திருத்தி அவற்றை இயக்குபவர்கள் இருக்கிறார்கள். அது ஆராய்ச்சிக்கு நல்லது, கணக்கு எழுதும் கணினிக்கு உகந்ததன்று.

80 வெள்ளி எட்டாத தொகை இல்லைதான். ஆனால் அதைப் போட்ட பிறகும் சில மாதங்களில் இதே கேள்வியோடு வளர்மதி அவர்கள் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும். 190 வெள்ளிக் கணினியில் உள்ள ஐ5-8500க்கு 6 கோர்கள். விண்டோஸ் 11க்கும் அது தகுதி உடையது.

ரவி, ரோச்சோர்:

விண்டோஸ் 11 பற்றிய எச்சரிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் நன்றாக இயங்கும் ஒரு கணினியை மென்பொருள் நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்புவதை என்னால் எளிதில் ஏற்க முடியவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. 2021 ஜூலையில் தயாரிப்பாளர் பொறுப்புத் திட்டம் நடப்புக்கு வந்த பிறகு, கணினிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய முறையான ஏற்பாடு இருக்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும், பயன்பாட்டில் இருக்கும் பொருளின் ஆயுளைக் கூட்டுவது அதைவிட மேல். லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளத்தில் இதே கணினி இன்னும் பல ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகளைப் பெறும்.

அன்பரசன், ஈசூன்:

லினக்ஸ் நல்ல வழிதான். ஆனால் வளர்மதி அவர்களின் கணக்கு மென்பொருளும் காணொளித் தொகுப்பு மென்பொருளும் அதில் இயங்குமா என்று கேட்காமல் அதைப் பரிந்துரைக்கக் கூடாது. பிழைப்புக்கான கருவியை மாற்றச் சொல்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். மேலும் நான் சொல்லும் 190 வெள்ளிக் கணினியும் பழையதுதான். அலுவலகம் கழித்துவிட்ட ஒன்றை வாங்கிப் பயன்படுத்துவதும் மின்கழிவைக் குறைக்கும் செயலே.

நவீன், ஜூரோங்:

இடையில் ஒரு சொல். இந்த வாதம் இன்டெலின் அந்தத் தலைமுறைக்குத்தான் பொருந்தும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் செயலிகளுக்கான ஏஎம்4 பலகை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கணினியைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். 2017இல் வந்த ரைசன் 3 1200 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஆனால் அதே ஏஎம்4 சாக்கெட்டில், பலகைத் தயாரிப்பாளர் புதிய பயாஸ் வெளியிட்டிருந்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600ஐப் பொருத்தலாம். அது 6 கோர் செயலி, விண்டோஸ் 11க்கும் தகுதியானது. பழைய செயலி உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியையும் முன்னதாகக் குறித்துவைக்க வேண்டும். செயலியை மாற்றினால் அதற்குள் இருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி மாறிவிடும், கணினி அந்தச் சாவியைக் கேட்கும்.

மாலா, தெம்பனிஸ்:

எல்லோரும் கோர்களை எண்ணுகிறீர்கள். செயலி எதனால் 100 விழுக்காட்டில் நிற்கிறது என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே. திருமணக் காணொளிகளைத் தொகுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: கணினி விட்டுவிட்டு ஓடுவதற்குக் கோர்கள் குறைவாக இருப்பது மட்டும் காரணமாக இருக்காது.

ஐபோன் 12 முதற்கொண்டு வந்த கைப்பேசிகள், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் நுணுக்கத்தோடு பதியும் எச்டிஆர் முறையில் எடுக்கும்போது, காணொளியை எச்இவிசி என்ற சுருக்க வடிவில், 10 பிட் நிறத்தோடு சேமிக்கின்றன. அதை விரித்துக் காட்டும் வேலையைச் செயலியோடு சேர்ந்துள்ள கிராஃபிக்ஸ் பகுதி செய்துவிட்டால் கோர்களுக்குச் சுமை இராது. 6ஆம் தலைமுறையின் கிராஃபிக்ஸ் 8 பிட் எச்இவிசியை முழுமையாக விரித்துவிடும். 10 பிட் என்றால் அதற்கென முழுமையான வன்பொருள் வசதி அதில் இல்லை. அந்தச் சுமை கோர்கள் மீது விழுகிறது. அந்த வசதி 7ஆம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது.

ஆகவே 80 வெள்ளி கொடுத்து ஐ7-6700ஐ வாங்கினாலும் இதே குறை அதிலும் தொடரும்; கோர்கள் கூடுதலாக இருப்பதால் சற்றுத் தாங்கும், அவ்வளவுதான். செயலியைத்தான் மாற்றப்போகிறீர்கள் என்றால் அது ஐ7-7700 அல்லது ஐ5-7500 ஆக இருக்க வேண்டும். அதற்கு முன், மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் உங்கள் காணொளி ஒன்றைத் திறந்து, பிட் ஆழம் 10 என்று காட்டுகிறதா, 8 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். 10 என்றால் கைப்பேசியின் கேமரா அமைப்புகளில் எச்டிஆர் காணொளியை நிறுத்திவிட்டு, பதிவு வடிவத்தை அதிகப் பொருத்தமுடையதாக மாற்றுங்கள். அதன்பின் எடுப்பவை எச்.264 என்ற பழைய சுருக்க வடிவில் சேரும். உங்கள் ஐ3யே அவற்றை ஓரளவு சிரமமின்றி ஓட்டும். ஒரு காசும் செலவில்லை.

வளர்மதி, பொங்கோல்:

மாலா அக்கா சொன்னபடி பார்த்தேன். எல்லாக் காணொளிகளும் எச்இவிசி, 10 பிட். அமைப்பை மாற்றி, வெங்காயம் வதக்குவதைச் சிறிது நேரம் எடுத்துப்பார்த்தேன். அது தொகுப்பு மென்பொருளில் தடையில்லாமல் ஓடியது. செயலி 60 விழுக்காட்டுக்குள் இருந்தது. ஆனால் இதுவரை எடுத்துச் சேர்த்துவைத்த காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. தீபாவளிப் பலகாரத் தொடர் முழுவதும் பழைய வடிவில்தான் உள்ளது. பலகையின் பட்டியலையும் பார்த்துவிட்டேன். ஐ7-7700 அதில் இருக்கிறது, ஆனால் என்னிடம் உள்ள பயாஸ் அதற்கு முந்தைய பதிப்பு.

மாலா, தெம்பனிஸ்:

பழையவற்றுக்கு ப்ராக்ஸி முறை இருக்கிறது. பெரும்பாலான தொகுப்பு மென்பொருள்களில், மூலக் காணொளிக்குப் பதிலாக இலகுவான பிரதி ஒன்றை உருவாக்கி, அதைக்கொண்டு வெட்டி ஒட்டிவிட்டு, இறுதியில் மூலத்திலிருந்தே முழுத் தரத்தில் வெளியே எடுக்கலாம். பிரதியை உருவாக்க நேரமாகும். இரவு ஓடவிட்டுத் தூங்கப்போய்விடுங்கள்.

ரவி, ரோச்சோர்:

மாலா அவர்கள் சொன்னது இந்த உரையாடலின் போக்கையே மாற்றிவிட்டது. நானும் இப்போது ஐ7-6700ஐ வாங்கச் சொல்லமாட்டேன். ஐ7-7700 நியாயமான விலைக்குக் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். ஒரு சாக்கெட்டில் பொருந்தும் செயலிகளில் உச்சத்தில் இருப்பதற்குப் பழைய பொருள் சந்தையில் எப்போதும் விலை இறங்க மறுக்கும். வாங்கும்போது உலோக மூடியில் பொறித்த எழுத்துகளைப் பாருங்கள். செயலியின் பெயருக்குப் பதிலாக இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று இருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி. விற்பனைக்கு வர வேண்டியதே அன்று.

நீங்களே பொருத்துவதானால், முதலில் ஐ3 உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்து, கணினி ஒழுங்காகத் தொடங்குகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறகு மின்கம்பியைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்தச் சாக்கெட்டில் ஊசிகள் பலகையில்தான் இருக்கின்றன. மயிரிழைபோன்ற அந்த 1,151 ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் பலகை வீணாகலாம். செயலியின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் குறியோடு சேர்த்து, இரு ஓரங்களையும் பிடித்துக் கிடையாக இறக்குங்கள். விரலால் அழுத்தவே கூடாது. நெம்புகோலை இறக்கும்போது மட்டும் சற்றுக் கடினமாக இருக்கும், மெல்லிய கரகரப்பும் கேட்கும்; அது இயல்பு. செயலியின் வெப்பத்தைக் குளிர்விப்பானுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும்; அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

அன்பரசன், ஈசூன்:

ஐ7-7700 என்றாலும் என் நிலை மாறவில்லை. மாலா அவர்கள் காட்டிய செலவில்லா வழி என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. இன்றைய இடர் தீர்ந்துவிட்டதால் அவசரமாக எதையும் வாங்கத் தேவையில்லை. ஐ5-8500இன் கிராஃபிக்ஸும் 10 பிட் எச்இவிசியை விரிக்கும் என்பதால், செயலிக்குச் செலவிடும் தொகையை அதற்கே சேர்த்துவைக்கலாம். வாங்கும் நேரத்தில் விற்பவரிடம் இரண்டைக் கேளுங்கள்: பயாஸில் டிபிஎம் 2.0 இயங்குகிறதா, பயாஸுக்கு அலுவலகம் போட்ட கடவுச்சொல் நீக்கப்பட்டுள்ளதா. இரண்டாவதைக் கேட்காமல் வாங்கியவர்கள் அமைப்புகளை மாற்ற முடியாமல் தவித்ததை நான் வேலையில் பார்த்திருக்கிறேன்.

ரவி, ரோச்சோர்:

காணொளிக்கு மட்டும் இந்தக் கணினி, கணக்குக்கு வேறொன்று என்று பிரித்துவிட்டால் என் வழியும் நிற்கும் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். இணையத்திலிருந்து விலக்கிவைத்த தொகுப்புக் கணினிக்கு ஐ7-7700 இன்னும் பல காலம் உழைக்கும்.

வளர்மதி, பொங்கோல்:

கணக்குக்கும் காணொளிக்கும் இரண்டு கணினி வைக்க என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடமில்லை, ரவி அண்ணா. ஐ7-6700 விற்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பலகாரத் தொடருக்கு ப்ராக்ஸி உருவாக்க இன்றிரவு முதல் தொகுதியை ஓடவிடுகிறேன். நீட்டித்த புதுப்பிப்புத் திட்டத்திலும் பதிவுசெய்துவிட்டேன். அது முடிவதற்குள் 8ஆம் தலைமுறைக் கணினி ஒன்றை நேரில் பார்த்து, டிபிஎம்மையும் கடவுச்சொல்லையும் சோதித்து வாங்குவதாக இருக்கிறேன். இந்த ஐ3யின் 16 ஜிபி ரேம் டிடிஆர்4 வகை என்பதால் புதிதாக வாங்கும் கணினியில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பொருந்தாது என்றால் சொல்லுங்கள்.

அன்பரசன், ஈசூன்:

இரு கணினிகளிலும் இருப்பவை முழு நீள ரேம் பட்டைகள் என்றால் பொருந்தும். மிகச் சிறிய பெட்டி வடிவக் கணினிகளில் பெரும்பாலும் மடிக்கணினிக்கான குட்டை ரேம் இருக்கும். அதனால் நடுத்தர அல்லது பெரிய பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.