ஜீப் வாட்டர் பம்ப் மாற்றும்போது போல்ட் உடைந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே, ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். 1992 மாடல் டீசல் ஜீப். ஒரு வாரமாக வாட்டர் பம்ப்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகக் கூலண்ட் சொட்டியது, ஃபேனைப் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆட்டம் வேறு, சரி பேரிங்கும் சீலும் போய்விட்டது என்று புதுப் பம்ப் வாங்கி வந்து வாசலிலேயே கழற்ற உட்கார்ந்தேன். பெல்ட், ஃபேன் எல்லாம் வந்துவிட்டது. கடைசி போல்ட்டில்தான் வினை. துருப்பிடித்து இறுகிக் கிடந்ததை அவசரப்பட்டுத் திருக, தலை மட்டும் ஸ்பானரோடு வந்தது (என் அவசரம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்). பம்ப்பை எடுத்துப் பார்த்தால் மீதி இன்ஜின் பிளாக்கில் அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கிறது.

வைஸ் கிரிப் (பூட்டிப் பிடிக்கும் இடுக்கி) வழுக்குகிறது. நட் வைத்து வெல்டிங் அடித்தால் வருமா, துளை போட்டுத்தான் எடுக்க வேண்டுமா?

அப்புறம், இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். இந்தக் குளிரில் இன்ஜின் சூடே ஆகாதே? ரேடியேட்டர் மூடியையும் மாற்றப்போகிறேன். 2,240 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கல்லட்டி ஏற்றத்தில் ஆவிதான்.

பம்ப்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் பேக்கிங்குக்கு இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், ஞாயிறுக்குள் வண்டி ஓடியாக வேண்டும்.