ஸ்டூரர் எமில் சக்கரம் எல்லாம் கழண்டு விழுது, அர்ஜன்ட் ஹெல்ப்

டேங்க்_தம்பி:
ஹாய் எல்லாருக்கும். ஸ்டூரர் எமில் (ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் பீரங்கி வண்டி) ப்ளாஸ்டிக் மாடல் பண்ணிட்டு இருக்கேன், எல்லாம் சூப்பரா போய்ட்டு இருந்துச்சு, நேத்து நைட் வாஷ் (தின்னர்ல நீர்க்க கரைச்ச பெயின்ட்) போட்டு காய வெச்சுட்டு படுத்தேன், காலைல எழுந்து பாத்தா லெஃப்ட் சைடுல நாலஞ்சு சக்கரம் தனியா கிடக்கு. பசை விட்டுப்போச்சு போலன்னு ஒன்ன எடுத்து பாத்தா பசை எல்லாம் கெட்டியா தான் இருக்கு, சக்கரத்த தாங்குற ஆர்மே முறிஞ்சிருக்கு. பக்கத்துல இருந்தத லேசா தான் தொட்டேன், அதுவும் டக்குனு ஒடஞ்சுடுச்சு. ஞாயித்துக்கிழமை மாடல் பண்றவங்க மீட்டுக்கு எடுத்துட்டு போகணும். என்ன பசை போட்டா நிக்கும்?? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்

பசை_விரல்:
எந்த கம்பெனி கிட், என்ன ஸ்கேல், சக்கரத்துக்கு என்ன பசை, ட்ராக் மாட்டியாச்சா இல்லையா. ஒண்ணுமே சொல்லாம என்ன பசைன்னு கேட்டா நாங்க என்ன ஜோசியமா பாக்குறது ப்ரோ. ஒரு போட்டோவாச்சும் போடுங்க.

நங்கநல்லூர்_காரன்:
இது க்ளைமேட் தான், சந்தேகமே வேண்டாம். நம்ம ஊர்ல ஏசி ரூம்ல வெச்சு வேலை செஞ்சுட்டு அப்படியே வெளிய எடுத்தா ப்ளாஸ்டிக் சுருங்கி விரிஞ்சு ஒடையும். எனக்கு ஒரு டைகர் டேங்க் மாடலோட பேரல் இப்படி தான் போச்சு. கிட்ட எப்பவும் ஏர்டைட் டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

பசை_விரல்:
உங்களுக்கு எது நடந்தாலும் க்ளைமேட் தான் சார் 😀 டெக்கால் ஒட்டலனாலும் க்ளைமேட், பெயின்ட் உரிஞ்சாலும் க்ளைமேட்

டொரண்டோ_குளிர்:
தம்பி, வாஷ் போட்டனான் எண்டு எழுதியிருக்கிறீர், ஆனா என்ன வாஷ், என்ன தின்னர் பாவிச்சனீர் எண்டு சொல்லேல்லையே. அதைத்தான் முதல் பாக்கவேணும். அதோட முறிஞ்ச இடத்தைக் கிட்ட வைச்சுப் பாரும். மினுங்குதோ, இல்லாட்டி இழுபட்டு மொழுமொழு எண்டு கிடக்கோ?

ரிவெட்_ராஜன்:
கேள்வி கேக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு. ஸ்டூரர் எமில் பண்றேன்னு சொல்றவருக்கு அது என்ன வண்டின்னு தெரியுமான்னே எனக்கு டவுட்டு. ஹென்ஷெல்லோட விகே 30.01(எச்) ஹெவி டேங்க் ப்ராஜெக்ட் கைவிட்ட அப்புறம், மிச்சம் இருந்த சேசிஸ்ல ரெண்ட எடுத்து நீளமாக்கி, ஃப்ளாக் 40 விமான எதிர்ப்பு பீரங்கில இருந்து வந்த 12.8 செ.மீ. பீரங்கிய ஏத்தினாங்க. உலகத்துலயே மொத்தம் ரெண்டே ரெண்டு வண்டி, மேக்ஸ், மோரிட்ஸ். ரெண்டும் 1942-ல பான்சர்யேகர் (டேங்க் வேட்டை) 521 பட்டாலியன் கூட ரஷ்யா போச்சு, ஒண்ணு அழிஞ்சுது, இன்னொண்ணு 1943 ஜனவரி ஸ்டாலின்கிராட்ல மாட்டி இப்ப ரஷ்யாவுல குபிங்கா டேங்க் மியூசியம் கலெக்‌ஷன்ல இருக்கு. சக்கரம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காரும், சைடுக்கு எட்டு. இதெல்லாம் படிச்சுட்டு இறங்கியிருந்தா அந்த சஸ்பென்ஷன அவசர அவசரமா ஒட்டியிருக்க மாட்டார். இந்தக் காலத்து பசங்களுக்கு பாக்ஸ் பிரிச்சா அன்னைக்கே போட்டோ போட்டாகணும்.

பசை_விரல்:
ராஜன் சார், அவர் ஆர்ம் ஏன் ஒடையுதுன்னு தானே கேக்குறார்

டேங்க்_தம்பி:
சாரி, வேலைல இருந்தேன். 1/35. சைனா கிட், ஃப்ரெண்ட் கிட்ட வாங்கினது, கம்பெனி பேர் போட்டா அதுக்கு வேற சண்டை வரும், விடுங்க. பசை டாமியா எக்ஸ்ட்ரா தின். வாஷ் ஆயில் பெயின்ட்ல நானே கலக்கினது. தின்னர் சாதா தின்னர் தான். ட்ராக் மாட்டியாச்சு. முறிஞ்ச இடம் மினுங்குது, ப்ளேடு வெச்சு நறுக்கின மாதிரி சுத்தமா இருக்கு

பாலிஸ்டைரீன்:
கேஸ் முடிஞ்சுது. முறிஞ்ச இடம் மினுங்குதுன்னா அது கரையல, வெடிச்சிருக்கு. இது ஸ்ட்ரெஸ் க்ராக். கிட் ப்ளாஸ்டிக் பாலிஸ்டைரீன், சும்மா கிடந்தா டர்பென்டைன் மாதிரி தின்னர் பட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா அதே துண்டு வளைஞ்சோ இழுபட்டோ டைட்டா சொருகியோ இருந்தா அதுக்குள்ள கண்ணுக்கு தெரியாத கீறல் இருக்கும், தின்னர் அந்த கீறலுக்குள்ள ஊர்ந்து போய் உள்பக்கமா பிரிச்சு விட்டுடும். அதனால தான் வாஷ் போடும்போது தெரியாது, ராத்திரி பூரா ஊறி காலைல தானா விழும். எமில்ல சக்கரம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருக்குறதால வாஷ் போய் பின்னாடி ஆர்ம் அடில தேங்கும், காய வழியே இல்ல. அதோட ட்ராக் வேற மாட்டி இழுத்து வெச்சிருக்கீங்க. க்ளாஸ் கோட் (பளபளன்னு இருக்குற வார்னிஷ்) அடிச்சீங்களா? ஆர்ம்ல பெயின்ட் பட்டுச்சா இல்ல சக்கரத்த ஒட்டிட்டு ஏர்பிரஷ்ல வெளிய மட்டும் அடிச்சீங்களா? பின்பக்கம் வெறும் ப்ளாஸ்டிக்கா இருந்தா அங்க தான் முதல்ல போகும்.

சாதா தின்னர்னு ஒண்ணு கிடையாது. எந்த தின்னர்?

வினைல்_வெறுப்பு:
எல்லாரும் தின்னர் தின்னர்ங்கறீங்க, ட்ராக்க யாருமே பாக்கல. பழைய கிட்ல வர்ற ரப்பர் மாதிரி வினைல் ட்ராக்ல இருந்து ப்ளாஸ்டிசைசர் (வினைல மென்மையா வெக்கிற கெமிக்கல்) கசிஞ்சு சக்கரத்த தின்னும், இது ஊரறிஞ்ச விஷயம். நான் வினைல் ட்ராக்க கிட் பாக்ஸ்ல இருந்து எடுத்து நேரா குப்பைல போட்டுட்டு தனித்தனி லிங்க் வாங்குறவன். அதையே எல்லாருக்கும் சொல்லுவேன்.

பாலிஸ்டைரீன்:
வினைல் தின்னும், இல்லைங்கல. ஆனா அது வருஷக்கணக்குல நடக்குறது, ட்ராக் தொடுற இடத்துல சக்கரத்தோட விளிம்பு பிசுபிசுன்னு உருகியிருக்கும். இவருக்கு ஒடஞ்சது ஆர்ம், அதுவும் ஒரே ராத்திரில. ட்ராக் இங்க செஞ்ச வேலை இழுத்து பிடிச்சது மட்டும் தான்.

நங்கநல்லூர்_காரன்:
ஹ்யூமிடிட்டில தின்னர் மெதுவா தானே காயும், அப்ப நான் சொன்னதும் சரி தான்

மவுஸ்_பிரியன்:
இதுக்கு தான் நான் ஜெர்மன் மவுஸ் டேங்க் மட்டும் பண்றது. 188 டன் வண்டி, சைடுல கவசத் தகடு அப்படியே கீழ வரைக்கும் இறங்கி சக்கரத்த மூடிடும், உள்ள ஆர்ம் ஒடஞ்சா என்ன ஒடையாட்டி என்ன, யார் பாக்கப்போறா. இ-100 டேங்க்கும் அப்படி தான். ப்ரோட்டோடைப் ஆசை இருந்தா சோம்பேறிக்கு ஏத்த ப்ரோட்டோடைப்பா பாத்து எடுங்க தம்பி.

டொரண்டோ_குளிர்:
பாலிஸ்டைரீன் சொன்னது சரி. இனி என்ன செய்யலாம் எண்டு பாப்பம். தம்பி, முதல் ட்ராக்கைக் கழட்டும். பிறகு மிச்ச சக்கரங்களில கை வைக்காதையும், அதுகளும் உள்ள வெடிச்சிருக்கும், ரெண்டு மூண்டு நாள் ஃபேனுக்குக் கீழ விட்டு தின்னர் முழுக்கப் போகட்டும். ஈரமா இருக்கேக்க ஒட்டினால் திரும்பவும் வெடிக்கும். முறிஞ்ச ஆர்முக்கு வெறும் பசை நிக்காது. பின் வைஸ்ஸால (கையால சுத்துற சின்ன ட்ரில்) ரெண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் ஓட்டை போட்டு பித்தளைக் கம்பி விட்டு, ரெண்டு பாட் எப்பொக்ஸியால ஒட்டும். ப்ளாஸ்டிக் பசை வேண்டாம், அதுகும் கரைப்பான் தானே. வெளிச் சக்கரத்தை முதல் எடுத்தால் தான் உள்ளுக்குப் போகலாம், உடைஞ்ச ஒழுங்கில செய்ய வெளிக்கிட்டா கை போகாது.

பசை_விரல்:
கம்பி இல்லனா பழைய கிட்டார் ஸ்ட்ரிங் போதும், மெலிசா ஸ்ட்ராங்கா இருக்கும். எட்டு சக்கரமும் தரைல சமமா உக்காரணும், அதனால கண்ணாடித் துண்டு மேல வெச்சு ஒட்டுங்க.

புது_ப்ளேடு:
சைடுல ஒரு டவுட். இந்த வண்டிக்கு மேல மூடி இல்லல்ல, அப்ப பீரங்கி இருக்குற உள்பக்கம் என்ன கலர்? நான் கிரீம் கலர் அடிக்கலாம்னு இருக்கேன்

மவுஸ்_பிரியன்:
ஜெர்மன் டேங்க் உள்ள எல்லாம் ஐவரி தான், ஜெர்மன் கலர் நம்பர்ல ரால் 1001. கண்ண மூடிட்டு அடிங்க.

ரிவெட்_ராஜன்:
கண்ண மூடிட்டு அடிச்சா இப்படி தான் இருக்கும். ஐவரி மூடின டரட்டுக்குள்ள, வெளிச்சம் வேணும்னு அடிக்கிறது. மேல திறந்த வண்டிக்கு வெளிய என்ன கலரோ அதே தான் உள்ளயும், மார்டர், 251 ஹாஃப்ட்ராக் எல்லாம் அதே கணக்கு. விமானத்துல இருந்து பாத்தா வெள்ளையா ஒரு தொட்டி மின்னிட்டு போனா எப்படி இருக்கும்?

மவுஸ்_பிரியன்:
அப்ப குபிங்கால இருக்குறது மணல் மாதிரி கலர்ல ஒரு போட்டோல பாத்தேனே, அதுவும் தப்பா

ரிவெட்_ராஜன்:
மியூசியம் பெயின்ட்ட வெச்சு யாராவது ரெஃபரன்ஸ் எடுப்பாங்களா? டுங்கெல்கெல்ப் (அடர் மஞ்சள்) பேஸ் கலர்னு ஆர்டர் வந்ததே 1943 பிப்ரவரி. வண்டி மாட்டினது அதுக்கு முந்தின மாசம். அப்ப அது என்ன கலர்ல இருந்திருக்கும், நீங்களே கூட்டிக் கழிச்சு பாருங்க. டுங்கெல்க்ராவ் (அடர் க்ரே), ரால் 7021. குளிர்காலத்துக்கு மேல வெள்ளை பூசியிருக்கலாம், அவ்ளோ தான்.

மவுஸ்_பிரியன்:
பேரல்ல 22 வளையம் இருக்கே, அதையும் மியூசியம்காரன் தான் வரைஞ்சானா 😂

ரிவெட்_ராஜன்:
வளையம் வேற, கலர் வேற. வளையம் பட்டாலியன் போட்டது. 22 டேங்க் அடிச்சதா அவங்க கணக்கு. நான் அந்த கணக்க பத்தி பேசல.

நங்கநல்லூர்_காரன்:
35 டன் வண்டிக்கு மேபாக் 300 குதிரை இன்ஜின், பீரங்கிய பக்கவாட்டுல கொஞ்சூண்டு தான் திருப்ப முடியும், இத வெச்சு 22 அடிச்சான்னா பெரிய விஷயம் தான்

வினைல்_வெறுப்பு:
தூரத்துல நின்னு அடிச்சா எதுக்கு திருப்பணும். சரி ட்ராக் என்ன மெட்டீரியல்னு அவர் இன்னும் சொல்லவே இல்ல பாத்தீங்களா

பாலிஸ்டைரீன்:
கலர் சண்டைய தனியா வெச்சுக்கோங்க, வர்றவங்களுக்கு மேல இருக்குற பதில் கண்ணுலயே படாம போகுது. டேங்க்_தம்பி, ரைட் சைடு இன்னும் ஒடையலன்னா அங்க உடனே டிஷ்யூ பேப்பர் ஓரத்த ஆர்ம் அடில விட்டு தேங்கின வாஷ்ஷ உறிஞ்சி எடுங்க. அடுத்த தடவை வாஷ்ஷுக்கு முன்னாடி அக்ரிலிக் க்ளாஸ் ரெண்டு கோட், ஆர்ம் பின்பக்கம் உட்பட. சக்கரம் ஓட்டைக்குள்ள டைட்டா போச்சுன்னா அமுக்கி ஏத்தாம ஓட்டைய கொஞ்சம் தேய்ச்சு பெருசாக்கி லூசா மாட்டுங்க, ட்ராக் கடைசில. வாஷ் ஊத்துறது இல்ல, நுனி ப்ரஷ்ல தொட்டு வெக்கிறது. பாட்டில்ல என்.சி. தின்னர்னு இருந்தா அத மாடல் பக்கமே கொண்டு வராதீங்க, டொலுவீன், அசிட்டோன் எல்லாம் இருக்கும், அது வெடிக்க வெக்காது, நேரா கரைச்சுடும். உங்களுக்கு கரையல, அதனால ஹார்டுவேர் கடை டர்பென்டைனா தான் இருக்கும்னு நெனைக்கிறேன். பாட்டில பாத்து சொல்லுங்க.

புது_ப்ளேடு:
அப்ப கிரீம் வேணாம்ல?

ரிவெட்_ராஜன்:
வேணாம்.

மவுஸ்_பிரியன்:
உங்க கிட், உங்க காசு, பிடிச்ச கலர் அடிங்க

டேங்க்_தம்பி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மீட்டுக்கு எடுத்துட்டு போகல. கிட்டார் கம்பி போட்டு எப்பொக்ஸி வெச்சேன், நிக்குது. ரைட் சைடுல ஒண்ணு மட்டும் போச்சு, மிச்சம் ஓகே. உள்ள க்ரே தான் அடிச்சிருக்கேன், கிளம்புறேன் வேலை இருக்கு

பாலிஸ்டைரீன்:
நல்லது. பாட்டில்ல என்ன எழுதியிருந்துச்சு?

வினைல்_வெறுப்பு:
ட்ராக் வினைலா இல்லையா, அத மட்டும் சொல்லிட்டு போங்க ப்ரோ

பாலிஸ்டைரீன்:
தம்பி?