முகூர்த்த நேரத்தில் திணறாத டெடிகேட்டட் சர்வர், கட்டுப்படியாகும் விலையில்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குடந்தைக்காரன்:

கும்பகோணத்தைச் சுற்றிக் கல்யாணம், கும்பாபிஷேகம், நாதஸ்வரக் கச்சேரி எல்லாவற்றையும் நேரலையாகக் காட்டித் தருகிறோம். வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருப்பார்கள். இலவசத் தளத்தில் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். மண்டபத்தில் பேண்டு செட்காரர் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தால் போதும், உரிமைச் சிக்கல் என்று நேரலையே நின்றுபோகலாம். தாலி கட்டுகிற நேரத்தில் அந்த ஆபத்தை யார் ஏற்பது? அதனால் எங்களுக்கு மட்டுமே ஒதுக்கிய முழு சர்வரை (இதைத்தான் டெடிகேட்டட் என்பார்கள்) வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம்.

சர்வர் தேடுகிற எல்லாரும் முதலில் 'மாதம் எத்தனை டிபி (டெராபைட்) டேட்டா?' என்றுதான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. ஒரே நேரத்தில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் 2 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 2 மெகாபிட்) தரத்தில் மூன்று மணி நேரம் பார்த்தால் 2.7 ஜிபி. 400 பேர் முழுதாக உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்யாணத்துக்கு ஒரு டிபியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த 400 பேரும் ஒரே நேரத்தில் பார்க்கும்போது 800 எம்பிபிஎஸ் வேண்டும். சர்வரிலிருந்து டேட்டா வெளியே போகிற வாசல்தான் போர்ட். 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. அதே முகூர்த்தத்தில் இன்னொரு மண்டபத்திலும் நமக்கு வேலை இருந்தால்? நம் ஊரில் நல்ல நாள் என்றால் எல்லா மண்டபத்திலும் ஆறிலிருந்து ஏழரைக்குள்தானே தாலி ஏறுகிறது.

ஒரு நிறுவனத்தில் 'அன்லிமிடெட் பேண்ட்வித்' என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆவணி முகூர்த்தம் ஒன்றில், மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோகிற நேரம். சர்வர் கிராஃபில் கோடு ஏறிக்கொண்டே வந்து 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றது. அதற்கு மேல் ஒரு புள்ளிகூட நகரவில்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அபுதாபியிலிருந்து மாப்பிள்ளையின் சித்தப்பா போன் செய்தார்: "தம்பி, சுத்திக்கிட்டே இருக்குப்பா, படம் வரல." நிறுவனத்துக்கு டிக்கெட் (இணையத்தில் புகார்) போட்டேன். நியாயமான பயன்பாட்டு விதிப்படி வேகத்தைக் குறைத்திருக்கிறோம் என்று மறுநாள் பதில் வந்தது. அந்த மாதம் நாங்கள் பயன்படுத்தியிருந்தது இரண்டு டிபிகூட இல்லை. அந்தச் சித்தப்பாவுக்கு அந்த நிமிடம் திரும்பக் கிடைக்காது. எனக்கு இன்றும் அதில்தான் வருத்தம்.

பெரிய கிளவுட் பக்கமும் கணக்குப் போட்டோம். அமேசானின் மும்பை ரீஜியனில் வெளியே போகிற டேட்டாவுக்கு ஜிபிக்கு ஏறக்குறைய 11 சென்ட். மேலே சொன்ன ஒரே கல்யாணத்துக்கு நூறு டாலருக்கு மேல் டேட்டாவுக்கே போய்விடும். சென்னை, மும்பையில் டெடிகேட்டட் கேட்டபோது மெஷின் வாடகை பரவாயில்லை. 1 ஜிபிபிஎஸ் அன்மீட்டர்டு (டேட்டாவை அளந்து காசு வாங்காதது) என்றதும் பேண்ட்வித் வாடகை மெஷினைத் தாண்டியது.

கடைசியில் ஜெர்மனிதான் கட்டுப்படியானது. ஹெட்ஸ்னர் நிறுவனத்தில் டெடிகேட்டட் சர்வர்களுக்கு 1 ஜிபிபிஎஸ் போர்ட், டேட்டாவுக்குத் தனிக் கணக்கு இல்லை. 10 ஜிபிபிஎஸ் போர்ட் கேட்டால் மட்டும் 20 டிபிக்கு மேல் கட்டணம். பழைய மெஷின்களை 'சர்வர் ஏலம்' என்று தனியாக விற்கிறார்கள். நம் ஊர் ஏலம் மாதிரி விலை ஏறாது, யாராவது எடுக்கும்வரை இறங்கும். செட்டப் கட்டணமும் கிடையாது. பெரிய மெஷின் ஒன்றைத் தேடாமல் சின்னதாக இரண்டு எடுத்து மண்டபத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டேன். வீடியோவை அப்படியே கடத்திவிடுகிற வேலைக்கு பெரிய சிபியூ தேவையே இல்லை, போர்ட் இரண்டாகிறது, அதுதான் முக்கியம்.

மற்றவர்களும் சொல்லுங்கள். அன்லிமிடெட் என்று வாங்கி அடிபட்டவர்கள் அவசியம் எழுதுங்கள்.

மன்னைவாசி:

அண்ணே, மேட்டூரில் எத்தனை டிஎம்சி இருக்கிறது என்று பேப்பரில் பார்த்து என்ன செய்ய, கடைமடையில் நம் மதகு எவ்வளவு அகலமோ அவ்வளவுதானே தண்ணீர். நீங்கள் சொல்வது அதேதான்.

பணம் கட்டும் விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தபிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் மாதாமாதம் கார்டிலிருந்து தானாக எடுப்பது பல வங்கிகளில் நின்றுபோனது. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், பணம் போகவில்லை என்று ஒருநாள் முடக்கிவிடுவார்கள். நான் பில் வந்ததும் உள்ளே போய்க் கையால் கட்டிவிடுகிறேன். முன்பணமாகப் போட்டு வைக்க வழி இருந்தால் இன்னும் நல்லது. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், புதுக் கார்டில் அது ஆஃப் ஆகித்தான் வரும். விலையை ஒப்பிடும்போது வெளிநாட்டுப் பணமாக மாற்ற வங்கி கூடுதலாகப் பிடிக்கிற மார்க்கப்பையும் சேர்த்துப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் ரிவர்ஸ் சார்ஜில் (விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரி கட்டும் முறை) 18 சதவீதம் காட்ட வேண்டும், ஆடிட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரு சந்தேகம். ஜெர்மனி அவ்வளவு தூரமாயிற்றே, இங்கே பார்ப்பவர்களுக்குத் தாமதம் ஆகாதா?

திருத்துறைப்பூண்டி:

என் தேவை வேறு. ஊர்ப்பக்கத்து ஓதுவார்கள் பாடிய தேவாரம், நாதஸ்வரப் பதிவுகள் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் கூட்டம் வராது, நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகும். இதற்கு 100 எம்பிபிஎஸ் போர்ட் போதும். அதை முழுதாக ஓட்டினால் மாதத்துக்கு 32 டிபி வரை போகும், அதில் கால்வாசியைக்கூட நான் தொட்டதில்லை. எனவே எல்லாரும் 1 ஜிபிபிஎஸ் தேடி அலைய வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து ஓட்டலாமே என்பார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையும் கம்பமும் சேர்ந்து சாய்ந்து கிடந்தன. ஹார்ட் டிஸ்க்குகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரண்மேல் வைத்துக் காப்பாற்றினேன். அப்போதே முடிவு செய்தேன், சர்வர் வெளியில், ஒரு நகல் வீட்டில். வெளியில் வைத்தாலும் நகல் வேண்டும்தான். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற சர்வர் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று தீயில் எரிந்தே போனது.

ஏல மெஷின் எடுப்பவர்கள் உள்ளே நுழையும் விவரம் கைக்கு வந்ததும் முதலில் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) என்ற டிஸ்க் சோதனைக் கருவியை ஓட்டி டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, கெட்ட செக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் எதுவும் ஏற்றுவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லிவிட வேண்டும். ஒரு மெஷினில் நான் கேட்டேன், மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள்.

குடந்தைக்காரன்:

மன்னைத் தம்பி, தாமதம் உண்டு. சென்னையிலிருந்து ஜெர்மனி போய்வர 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், சிங்கப்பூர் என்றால் அதில் கால்வாசிதான். ஆனால் எச்எல்எஸ் (HLS) என்ற நேரலை முறையில் வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாகத்தான் அனுப்புகிறோம். மேளச் சத்தம் துபாயில் பத்து விநாடி கழித்துக் கேட்டால் யாருக்கும் குறை இல்லை. வீடியோ கால், விளையாட்டு சர்வர் என்றால் கதை வேறு.

தூரத்தால் ஒரு தொல்லை உண்டு. வழியில் கொஞ்சம் பாக்கெட் (டேட்டாவின் சின்னத் துண்டு) தவறினாலும் ஒவ்வொரு இணைப்பின் வேகமும் சட்டென்று விழும். சர்வரில் ஓடும் லினக்ஸில் பிபிஆர் (BBR) என்ற நெரிசல் கட்டுப்பாட்டை ஆன் செய்தபிறகு இரவு நேரத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த புகார்கள் நன்றாகக் குறைந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 4.9 முதல் அது இருக்கிறது. அப்புறம் 480பி என்ற குறைந்த தரத்தில் 800 கேபிபிஎஸ் (0.8 எம்பிபிஎஸ்) ஓடை ஒன்றும் சேர்த்துக் கொடுங்கள். போனில் பார்க்கிற பாட்டிகளுக்கு அதுவே தெளிவு, அதே போர்ட்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் பார்க்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் சோதனைக் கோப்பை உங்கள் வீட்டு ஃபைபரிலும் மொபைலிலும் இரவு ஒன்பது மணிக்கு மேல் இறக்கிப் பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லா சர்வரும் நன்றாகத்தான் இருக்கும். வருட ஒப்பந்தத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்றால் ஒரு முகூர்த்த மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வெளியே போகும் வேகத்துக்கு ஏதாவது வரம்பு உண்டா என்று டிக்கெட்டில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தைக்கு இன்னும் ஒரு சின்ன மெஷின் எடுக்கப் பார்க்கிறேன். ஹெட்ஸ்னரின் ஃபின்லாந்து டேட்டா சென்டரில் யாராவது எடுத்திருந்தால் இங்கிருந்து வேகம் எப்படி என்று எழுதுங்கள்.