மாத்திரை உள்ளே போனது, உணவு போகவில்லை: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

இரவுவிழிப்பு:
அப்பாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய்க்காகக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு மாத்திரைகளைப் பல ஆண்டுகளாக எடுத்து வருகிறார். அன்று லேசான காய்ச்சல் இருந்ததால் இரவு உணவு இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மாத்திரைகளை மட்டும் வழக்கம்போல் நானே எடுத்துக் கொடுத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு அலமாரியின் முன் நின்றுகொண்டு, போட்டிருந்த சட்டையின் மேலேயே இன்னொரு சட்டையை, கையை நுழைக்கத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வயதின் தடுமாற்றம் என்று எண்ணி, "இந்த நேரத்தில் எங்கே கிளம்புகிறீர்கள்?" என்று கடிந்துகொண்டேன். சட்டையைப் பிடுங்கியபோதுதான் கழுத்துப்பட்டை முழுவதும் வியர்வையில் ஊறியிருப்பது கையில் பட்டது. குளுக்கோமீட்டர் 38 காட்டியது, இரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. விழுங்க முடிந்ததால் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தோம். கால்மணி நேரத்தில் 74 ஆனது, ஒரு மணி நேரத்தில் மீண்டும் 52. மருத்துவமனையில் ஒரு நாள் முழுவதும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்ததால் கிளிமிபிரைடின் வேகம் அடங்கத் தாமதமாகிறது என்று மருத்துவர் விளக்கினார். காரணம் புரிந்துவிட்டது, நான் கடிந்துகொண்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

நீலமை:
சர்க்கரை நீர் உங்களுக்குக் கைகொடுத்தது, எங்களுக்குக் கொடுக்கவில்லை. என் கணவர் கிளிமிபிரைடுடன் அகார்போஸும் எடுத்தார். ஒருநாள் மாலை கை நடுங்கி 54 காட்டியபோது கரண்டி கரண்டியாகச் சர்க்கரை கொடுத்தேன். கால்மணி கழித்து 51. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று இன்னொரு விரலைக் குத்தினேன், அதே எண். நாம் சமையலறையில் வைத்திருக்கும் சர்க்கரையைக் குடல் உடைத்தால்தான் அது இரத்தத்தில் சேரும், அந்த உடைப்பைத் தடுப்பதே அகார்போஸின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. குளுக்கோஸ் பொடி நேராகச் சேர்ந்துவிடும். இப்போது அவர் சட்டைப்பையிலேயே அது இருக்கிறது.

பழைய நாட்குறிப்பு:
இரவுவிழிப்பு அவர்களே, கோபிக்க வேண்டாம். சாப்பிடாதவருக்குக் கிளிமிபிரைடைக் கொடுத்ததுதான் பிழை. நானும் ஒருமுறை 45 வரை இறங்கியவன். நடுக்கமும் படபடப்பும் சிறிதும் இல்லை, ஏனெனில் வேறொரு காரணத்துக்காக, இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரானலால் மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தேன். அது இரண்டையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. என் கதை அவ்வளவுதான். இனி எல்லோருக்குமாகச் சொல்கிறேன். 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறிவிட்டால் உடனே ஏதாவது உண்ணுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும், ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒருவேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மினை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புதிதாக நுண்ணுயிர்க்கொல்லியோ பூஞ்சைக்கான மாத்திரையோ எழுதித் தரும் மருத்துவரிடம் உங்கள் சர்க்கரை மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள், ஏனெனில் ஃப்ளுகனசோல் போன்றவை கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டிவிடும். காய்ச்சல் வந்தால் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுவதே நல்லது.

மூன்றாம் படி:
கடைசி வரியை ஏற்க முடியாது. காய்ச்சலில் பலருக்குச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், அதை உடல் நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் நிறுத்தியிருக்க வேண்டியது டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை. இரண்டு நாள் வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை, ஆனால் அந்த மாத்திரையை மட்டும் விடாமல் விழுங்கினேன். மீட்டர் 190-தான் காட்டியதால் கவலைப்படவில்லை. படுத்த இடத்தில் அசையாமல் கிடந்தும், மாடி ஏறியவள்போல் ஆழமாக மூச்சு வாங்குவதை என் மகள்தான் கவனித்தாள். சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் இரத்தத்தில் சேர்ந்து அமிலமாகியிருந்தது. அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பதும் மருத்துவமனையில்தான் தெரிந்தது.

நீலமை:
மூன்றாம் படி சொல்வதே சரி. இரவுவிழிப்பு, அப்பாவுக்கு இப்போது என்ன கொடுக்கிறார்கள்?

இரவுவிழிப்பு:
கிளிமிபிரைடை நிறுத்தி லினாகிளிப்டின் கொடுத்திருக்கிறார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் அதன் அளவைக் குறைக்க வேண்டியதில்லையாம். பழைய நாட்குறிப்பு சொன்னதை மறுக்கவில்லை, கொடுத்தது நான்தான். அப்பாவுக்கு அந்த இரவு சிறிதும் நினைவில்லை. இரண்டு சட்டை போட்டுக்கொண்டு நின்றதை மட்டும் சொல்லியிருக்கிறேன், சிரித்தார். மற்றதைச் சொல்லவில்லை.